சாதாரண ஆர்.சி.யா, வின்டேஜ் பதிவா? தயாராகி நிற்கும் பழைய காருக்கு எது சரி

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பெங்களூர் சிவாஜி நகர்ச் சந்து ஒன்றில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் அப்பாவின் ஃபியட் மறுபடி உயிர் பெற்றது. மெக்கானிக் பாய் கார்புரேட்டரில் ஒரு மூடி பெட்ரோலை ஊற்றிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மூன்றாவது தடவை செல்ஃப் எடுத்ததும் பிடித்துக்கொண்டது. நாலு வருஷமாகக் கேட்காத சத்தம். அம்மாவுக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் இன்ஜின் பக்கத்தில் நீட்டினேன். "அப்பா வண்டிதானே?" என்றார்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆர்.சி. எப்ப முடியுது சார்?"

ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழ், டிசம்பரில் முடிகிறது. அந்த ஒரு கேள்வியில்தான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. டிங்கரிங், பெயின்ட், போரிங், வயரிங் என்று மூன்று வருஷம் உழைத்து ஒரு வண்டியைத் தயார் செய்துவிடுகிறோம். அதை எந்தப் பதிவில் ரோட்டில் இறக்குவது என்பதைக் கடைசி மாதத்தில்தான் யோசிக்கிறோம். என் அனுபவத்தில், அதை வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எங்களுடையது 1969-ல் பெங்களூரில் பதிவான ஃபியட் 1100 டிலைட். நம்பர் எம்.ஒய். என்று தொடங்கும், பழைய மைசூர் மாநிலத்து நம்பர். மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த வண்டி, 1089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். இதே வண்டிதான் பிறகு பிரீமியர் பத்மினி என்ற பெயரில் வந்தது. மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபர் வரை ஓடியதால் இன்றைக்கும் பல சாமான்கள் கிடைக்கின்றன. வீல் சிலிண்டர் ரப்பர், பாயின்ட், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் எல்லாம் ஜே.சி. ரோட்டில் ஒரு மத்தியானம் அலைந்தால் வாங்கிவிடலாம்.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. இரண்டை ஒரே வாரத்தில் கழித்துவிட்டேன். ஒன்று, இன்ஜினைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரும் பேட்டரியும் வைப்பது. அதற்கு அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், ஆர்.சி.யில் மாற்ற வேண்டும், லட்சக்கணக்கில் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா போனிலேயே அடையாளம் கண்ட அந்தச் சத்தம் போய்விடும். இன்னொன்று, பதிவே வேண்டாம், வீட்டில் நிற்கட்டும் அல்லது மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது. தர்மஸ்தலாவிலும் கோவை ஜி.டி. கார் மியூசியத்திலும் பழைய கார்களை அருமையாகப் பராமரிக்கிறார்கள். வாரிசு இல்லாத வண்டிக்கு அது நல்ல இடம். எங்கள் வண்டிக்கு ஓட்ட ஆள் இருக்கிறது.

மீதி இரண்டு: ஆர்.சி.யை வழக்கம்போலப் புதுப்பிப்பது, அல்லது வின்டேஜ் வாகனமாகப் பதிவது.

வின்டேஜ் பதிவு என்பது 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக், ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தும். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி ஷெல் (வெளிக்கூடு), இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. படிவம் 20-ல் இன்சூரன்ஸோடும் பழைய ஆர்.சி.யோடும் விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும். 10 வருஷம் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வரிசை உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அதனால் நம்பர் போய்விடுமே என்ற பயம் இரண்டு வழியிலுமே தேவையில்லை. எங்கள் வீட்டில் அதுதான் முதல் கவலையாக இருந்தது.

50 வயது ஆகாத வண்டிக்கு இந்தக் கேள்வியே இல்லை. 1985 பத்மினியோ 1990 அம்பாசிடரோ வைத்திருப்பவர்களுக்குப் புதுப்பித்தல் ஒன்றுதான் வழி. அவர்கள் நேராகக் கீழே மெக்கானிக் விஷயத்துக்குப் போய்விடலாம்.

சரி, காசுக் கணக்கு. நிறையப் பேர் வின்டேஜ் பதிவு ரொம்பச் செலவு என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். புதிய வின்டேஜ் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சாதாரணப் புதுப்பித்தல் முன்பு 5,000 ரூபாய்தான். 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். அது 5 வருஷத்துக்கு மட்டும். ஆக 10 வருஷத்துக்கு இரண்டு தடவை, 20,000 ரூபாய். முதல் 10 வருஷத்துக்கு இரண்டு வழியும் கட்டணத்தில் ஒன்றேதான். பசுமை வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் தனி. ஆர்.சி. முடிந்து பல வருஷம் கவனிக்காமல் விட்டவர்களுக்கு இன்னொன்று: புதுப்பிக்கத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து உண்டு. வண்டி இன்னும் பெயின்ட் பூத்தில் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட வேண்டாம்.

இன்சூரன்ஸில் வின்டேஜுக்குச் சலுகை. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 3,416 ரூபாய். வின்டேஜாகப் பதிவான காருக்கு இதில் பாதி, 1,708 ரூபாய். மாசத்துக்கு 142 ரூபாய் மிச்சம். தர்ஷினி ஓட்டலில் இரண்டு பேர் மசால் தோசை சாப்பிடும் காசு.

அந்த 142 ரூபாய்க்குப் பதிலாக நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வின்டேஜ் பதிவுள்ள வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, அங்கே போய்வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, இதற்கெல்லாம்தான் ரோட்டில் வரலாம். கோலார் தங்கவயலில் அத்தை வீடு இருக்கிறது. அப்பா இருந்தவரை பொங்கலுக்கு இந்த வண்டியில்தான் போவோம், 100 கிலோமீட்டர். அத்தை வாசலில் நிற்பதைக் கண்காட்சி என்று எந்த அதிகாரியிடம் சொல்வது? அல்சூர் சோமேஸ்வரர் கோயில் வரைக்கும் அம்மாவைக் கூட்டிப்போவது பராமரிப்பு ஆகுமா? விதியை மனதறிந்து மீறிக்கொண்டு ஓட்டுவதற்கு எனக்கு விருப்பமில்லை. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால், எதற்காக வண்டியை எடுத்தீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

பழைய வண்டி நிற்பதால் கெடுகிறது என்பது இன்னொரு காரணம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கில் டேங்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கி, தகரத்தை அரிக்கும். பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும் சாமான்தான். வீல் சிலிண்டர் துருப்பிடித்துப் பிஸ்டன் இறுகிக்கொள்வது நிற்கிற வண்டியில்தான். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அமுங்கும், சீல் காய்ந்து ஆயில் கசியும். வாரம் ஒருமுறை 30 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இந்தத் தொல்லைகள் பாதிகூட இல்லை. வருஷத்துக்கு இரண்டு பேரணி மட்டும் போகும் வண்டியை நல்லபடியாக வைத்திருப்பதற்கு, ஓட்டுகிறவரைவிட அதிக உழைப்பு வேண்டும்.

பதிவை முதலிலேயே முடிவு செய்யச் சொன்னதற்கு மெக்கானிக் வேலைதான் காரணம். ஓட்டப்போகும் வண்டிக்குச் செய்யும் வேலை வேறு, காட்டப்போகும் வண்டிக்குச் செய்யும் வேலை வேறு.

முதலில் கரண்ட். பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஃபியட் டிலைட்டில் வந்தது டைனமோ. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது, அது சார்ஜே தராது. சாயங்காலம் சில்க் போர்டு சிக்னலில் ஹெட்லைட், வைப்பர் போட்டுக்கொண்டு இருபது நிமிஷம் நின்றால் விளக்கு மஞ்சளாகிவிடும். அதற்குப் பதிலாக, ஐட்லிங்கிலும் சார்ஜ் தரும் மாருதி 800-ன் ஆல்டர்னேட்டரைப் பொருத்தலாம் என்றார் பாய். பேரணிக்கு மட்டும் போகும் வண்டியாக இருந்தால் மறுத்திருப்பேன். பானெட்டைத் திறந்ததும் அந்தக் கறுப்பு டைனமோவும் கட்-அவுட் பெட்டியும் கண்ணில் படுவதுதான் அழகு. ரோட்டில் ஓடப்போகிறது என்பதால் ஒத்துக்கொண்டேன். பழைய டைனமோவைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம். நான் வைத்துக்கொண்ட விதி அதுதான்: வெட்டாமல், வெல்டு வைக்காமல், நட்டு போல்ட்டில் திரும்ப மாற்றக்கூடிய மாற்றம் மட்டும்.

அப்புறம் பெட்ரோல் லைன். எத்தனால் பழைய ரப்பரைத் தின்றுவிடும். ஹோஸ் உள்பக்கம் ஊறிக் கறுப்புத் தூளாக உதிர்ந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். பளபளவென்று பெயின்ட் அடித்த வண்டிகளில்கூட 30 வருஷத்து ஹோஸ் அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் எந்த வண்டியானாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். இதில் வின்டேஜ், சாதாரணம் என்ற பேதமே கிடையாது.

இந்த வண்டியில் அப்பாவோடு போனவர்களுக்கு அவர் வைத்திருந்த வெள்ளைத் துணி நினைவிருக்கும். டிராஃபிக்கில் நின்று நின்று போனால் பம்பில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்ளும். வண்டி இருமிக்கொண்டே நின்றுவிடும். அப்பா அவசரப்படாமல் இறங்கி, பானெட்டைத் திறந்து, துணியை நனைத்துப் பம்ப் மேல் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் நிற்பார். நனைந்த துணியிலிருந்து ஆவி எழும். டின் ஃபேக்டரி ஜங்ஷனில் இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் இங்கே பெட்ரோல் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கொதிக்கும். ரேடியேட்டரைக் கழற்றி முழுசாக அடைப்பெடுத்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. துணியும் தண்ணீர் பாட்டிலும் இன்றைக்கும் வண்டியில்தான் இருக்கின்றன.

பிரேக் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாலு சக்கரத்துக்கும் டிரம், ஒரே லைன். எங்கே ஓர் இடத்தில் கசிந்தாலும் நாலும் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், எல்லா ஹோஸும் புதுசு. அதற்குப் பிறகுதான் ஸ்டீரியோ, சீட் கவர் எல்லாம். டயர் புதுசாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷத்தையும் சொல்லும். எங்கள் ஸ்டெப்னி பார்க்கப் புதுசு, எண்ணைப் படித்தால் 2009-ல் செய்தது.

புகைச் சான்றிதழில் முதல் தடவை தோற்றோம். இந்தக் காலத்து வண்டிக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. எங்களுடையது நாலைத் தாண்டியது. கார்புரேட்டரைச் சென்னையில் ஒருவரிடம் சர்வீஸ் செய்து வாங்கியிருந்தேன். அங்கே சரியாக இருந்த கலவை இந்த உயரத்தில், காற்று மெலிந்திருப்பதால், பெட்ரோல் அதிகமாகிவிடுகிறது. பாய் மிக்ஸர் ஸ்க்ரூவை முக்கால் சுற்று உள்ளே திருகினார். அரை மணி நேரத்தில் சான்றிதழ் கையில்.

இன்ஜின் மாற்றிய வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசிடர்களிலும் ஃபியட்களிலும் டீசல் இன்ஜின் ஏற்றியவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட வண்டிக்கு வின்டேஜ் பதிவை மறந்துவிடலாம். சாதாரணப் புதுப்பித்தலிலும், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாமல் இருந்தால் அதைத் தீர்க்காமல் எந்த வேலையும் ஆரம்பிக்க வேண்டாம். வாங்கப்போகும் வண்டியானால், பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இன்ஜின் நம்பரைப் பாருங்கள்.

நம்பர் என்றதும் அந்த ஒரு ராத்திரி நினைவுக்கு வருகிறது. ஆர்.டி.ஓ.வுக்குப் போவதற்கு முதல் நாள். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்க வேண்டும். பானெட்டுக்குள் தடுப்புத் தகட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நம்பரைக் காணோம். டிங்கர் வேலை செய்தவர் பள்ளம் என்று நினைத்து அதன் மேலேயே பட்டி போட்டு, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தார். தின்னரில் நனைத்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டினோம். இரும்பு பட்டால் எழுத்து சிதைந்துவிடும், சிதைந்த நம்பர் திருட்டு வண்டி என்ற சந்தேகத்தைக் கிளப்பும். ஒரு மணி நேரத்தில் முதல் எண் தெரிந்தது. பெயின்ட்டுக்குக் கொடுக்கும்போதே அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள், நம்பரைப் போட்டோவும் எடுத்து வையுங்கள்.

காகித வேலை இரண்டு வழிக்கும் பொது. வண்டி அப்பா பெயரில் இருந்தது. வாரிசுக்கு மாற்றப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்று, அக்கா தங்கையின் சம்மதக் கடிதம். இதை மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும், நாங்கள் விட்டுவிட்டோம், அபராதம் கட்டினோம். பழைய புத்தக ஆர்.சி.யாக இருந்தால் விவரம் கம்ப்யூட்டரில் இருக்காது. முதலில் அதை அரசின் 'வாஹன்' இணையதளத்தில் ஏற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். தமிழ்நாட்டு நம்பர் வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதானால் அங்கிருந்து ஆட்சேபமில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி, இங்கே வரி கட்டிக் கர்நாடக நம்பருக்கு மாற வேண்டும். ஊரில் தாத்தாவின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கண்டுபிடித்துக் கொண்டுவரும் தம்பிகள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் ஒரு கம்பெனி எங்கள் வண்டிக்கு வைத்த மதிப்பு, பெயின்ட் செலவுக்குக்கூடக் காணாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு மதிப்பு என்பது இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொள்வதுதான். எல்லா பில்லையும், வேலை நடந்த போட்டோக்களையும் கோப்பாகக் கொண்டுபோனேன். வேறொரு கம்பெனியில் நியாயமான மதிப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆர்.சி. முடிந்த வண்டியானால் சோதனைக்குக்கூட ரோட்டில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றிப் போங்கள்.

நான் புதுப்பித்தலைத் தேர்ந்தெடுத்தேன். இதே பெங்களூரில் எதிர் முடிவு எடுத்த நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் எடுத்ததும் சரிதான். ஃப்ரேசர் டவுனில் அவர் வீட்டில் இருப்பது 1950-களில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான மோரிஸ் மைனர். 20 வயது தாண்டிய இறக்குமதிக் காருக்குப் புதுப்பித்தல் கட்டணம் இப்போது 80,000 ரூபாய், 5 வருஷத்துக்கு. பத்து வருஷத்துக்கு 1,60,000. வின்டேஜில் 20,000. அதோடு அந்த வண்டியில் வைப்பர் பிளேடுவரை எல்லாம் பிறந்தபடி இருக்கிறது. வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான் வெளியே எடுக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் காம்பவுண்டுக்குள்ளேயே இன்ஜினைச் சூடாக்கி முன்னும் பின்னும் நகர்த்துவார். டெல்லியில் இருப்பவர்களுக்கும் வின்டேஜ்தான் வழி. 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு அங்கே விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, பழைய காரைச் சாதாரண ஆர்.சி.யில் ஓட்டுவது அங்கே பெரும்பாடு.

இந்தப் பொங்கலுக்குத் தங்கவயல் போய்வந்தோம். ஹொசக்கோட்டை தாண்டியதும் அம்மா முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். ஒரு தடவைகூடத் துணியை நனைக்க வேண்டி வரவில்லை. ஆர்.சி. 2030 டிசம்பர் வரை இருக்கிறது. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், அந்த அக்டோபர் தேதியை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், சேஸிஸ் நம்பருக்குக் கீழே.